வலை மாட்ட ஒரு உயரம்: ஸ்பைடர்மேன் 2 விளையாடியபோது புரிந்தவை

கேமில் வரும் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குள் சுற்றிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு இது உறைக்கவே இல்லை. கிழக்கு ஆற்றைத் தாண்டி குயின்ஸ் பக்கம் போனபோதுதான் ஸ்பைடர்மேனின் கால் தார் ரோட்டில் பட்டது. இரண்டு பக்கமும் இரண்டு மாடி வீடுகள், வாசலுக்கு வாசல் மரம், நடுவில் அகலமான தெரு, அதற்கு மேல் வெறும் வானம். ஆர்2 பட்டனை அழுத்திப் பிடித்தால் வலை போய் எதிலோ மாட்டத்தான் செய்கிறது, ஆனால் ஆடுவதற்கு இடம் இல்லை. தாழ்வாக ஒரு வீச்சு, உடனே தரை, அப்புறம் ஓட்டம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தி பையன், ஏழாவது படிக்கிறவன், "அண்ணா, இது நம்ம சத்துவாச்சாரி மாதிரியே இருக்குல்ல?" என்றான். அவன் சொன்னது சரிதான். அதை யோசிக்க யோசிக்க, இந்த கேமை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

இன்சோம்னியாக் கேம்ஸ் நிறுவனம் செய்த ஸ்பைடர்மேன் 2, டிவியில் மாட்டி விளையாடும் கேம் மெஷினான பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று வந்தது. முதல் பாகம் 2018 செப்டம்பர் 7. நடுவில் 2020 நவம்பரில் இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலிஸை வைத்து ஒரு சின்ன பாகம். அதனால் ஐந்து வருடக் காத்திருப்பு என்று எல்லோரும் எழுதினார்கள். வந்த முதல் 24 மணி நேரத்தில் 25 லட்சம் பிரதிகள் போனதற்கும் அந்தக் காத்திருப்புதான் காரணம். என் கணக்கில் அது 19 வருடம், ஏனென்றால் ஸ்பைடர்மேன் 2 என்ற இதே பெயரில் 2004இல் இன்னொரு கேம் வந்தது, என் ஆசை அங்கே ஆரம்பித்தது.

அப்போது வேலூரில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் குறைவு. தோட்டப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், மரத்தடுப்பு போட்ட ஆறு கேபின், அதில் ஒன்றில் மட்டும் கேம் போட்டு வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போவோம். ஸ்பைடர்மேன் 2 இருந்தது, ஆனால் வலையை நினைத்த இடத்தில் வீச முடியாது. காற்றில் அங்கங்கே குறி போட்டிருக்கும், அந்தக் குறிக்கு நேராகப் போனால்தான் வலை மாட்டும். ஸ்பைடர்மேன் கேம் என்றாலே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டோம். மூன்று வருடம் கழித்து, காந்தி நகரில் ஒரு நண்பன் வீட்டில், அவனுடைய மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2இல் அதே பெயருள்ள கேமைப் பார்த்தேன். அது முற்றிலும் வேறு கேம். கம்ப்யூட்டருக்கு வந்தது சின்னப் பிள்ளைகளுக்காக எளிமையாக்கித் தனியாகச் செய்தது. கன்சோலுக்கு, அதாவது பிளேஸ்டேஷன் மாதிரி கேம் மெஷினுக்கு, வந்ததோ ட்ரேயார்க் நிறுவனம் முழு மன்ஹாட்டனையும் திறந்துவிட்டுச் செய்தது. அதில் வலை நிஜமான கட்டடத்தில் போய் மாட்டியது. கட்டடம் இல்லை என்றால் வலையும் இல்லை. அன்று சாயங்காலம் அவன் வீட்டில் நாங்கள் ஒரு சண்டைகூடப் போடவில்லை, கேம் கொடுக்கிற வேலை, அதாவது மிஷன், ஒன்றுகூட எடுக்கவில்லை, விளக்கு வைக்கிற நேரம் வரை சும்மா ஆடிக்கொண்டே இருந்தோம்.

அந்தச் சின்ன வித்தியாசம், வலை எதில் மாட்டுகிறது என்பது, ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2000இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு நெவர்சாஃப்ட் செய்த ஸ்பைடர்மேனில் வலை வானத்தில்தான் மாட்டும். மேலே ஒன்றுமே இருக்காது, ஆனாலும் கயிறு நிற்கும். தெருவும் கிடையாது, மாடிகளுக்குக் கீழே மூட்டம், விழுந்தால் அவ்வளவுதான். அந்தக் காலத்து மெஷினுக்கு ஒரு நகரத்தின் தரையையும் சேர்த்து வரைந்து காட்டும் தெம்பு இல்லை. வலை வானத்தில் மாட்டினால் ஒரு சவுகரியம் இருக்கிறது, விளையாடுகிறவர் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யும். ஆனால் ஊர் என்பது வெறும் பின்புலப் படமாகிவிடும். ட்ரேயார்க்கில் இருந்த ஜேமி ஃப்ரிஸ்ட்ரோம் கயிற்றை நிஜக் கட்டடத்தில் கட்டிப் பார்க்கும் ஒரு முன்மாதிரி செய்தார், அதிலிருந்துதான் 2004 கேமின் ஊசலாட்டம் வந்தது. அதற்கப்புறம் ஊரின் வடிவமே விளையாட்டாகிவிட்டது. உயரமான கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் தெருவில் பறக்கலாம், பூங்காவில் தடுமாறுவோம், ஆற்றங்கரையில் நின்றுவிடுவோம். இதில் வருத்தமான விஷயம், அடுத்து வந்த பல ஸ்பைடர்மேன் கேம்கள் இதைக் கைவிட்டன. 2012இல் வந்ததில் மறுபடியும் வலை வெறும் காற்றில் மாட்டியது. 2014இல் வந்தது இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன் என்று நன்றாக யோசித்திருந்தது, மற்றதில் கோட்டை விட்டது.

ஊசலாட்டத்தை நான் கற்றது குடியாத்தம் பக்கம் பாட்டி வீட்டுப் புளியமரத்தில். தாம்புக் கயிற்றைக் கிளையில் கட்டி, அடியில் ஒரு பலகை. நின்றுகொண்டு முழங்காலை மடக்கி நீட்டி உந்துவோம். எங்களுக்குள் போட்டி என்னவென்றால், ஊஞ்சல் முன்னால் போகும்போது குதித்து யார் அதிக தூரம் போய் விழுகிறார்கள் என்பது. சீக்கிரம் கையை விட்டால் தரையை ஒட்டிப் போய் முகத்தைத் தேய்க்கும். உச்சிக்குப் போன பிறகு விட்டால் நேராக மேலே போய் இருந்த இடத்திலேயே தொப்பென்று விழுவோம். இரண்டுக்கும் நடுவில், ஊஞ்சல் பாதிக்கு மேல் ஏறி இன்னும் வேகம் சாகாமல் இருக்கிற ஒரு கணத்தில் விட வேண்டும். அந்தக் கணத்தை வயிறு சொல்லும். ஸ்பைடர்மேன் 2இல் ஆர்2வை எப்போது விடுவது என்பது அச்சு அசலாக இதே கேள்விதான். கீழிருந்து ஏறும்போது சீக்கிரம் விட்டால் முன்னோக்கி வேகம், தாமதித்து விட்டால் உயரம், விடும்போதே எக்ஸ் பட்டனைத் தட்டினால் ஒரு உந்தல். பாட்டி வீட்டுப் புளியமரத்தில் முட்டியைத் தேய்த்துக்கொண்ட யாருக்கும் இதற்குப் பயிற்சிப் பாடம் தேவையில்லை.

உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். ஊஞ்சலில் மேலிருந்து கீழே வரும்போது இழக்கும் உயரம் வேகமாக மாறுகிறது. 5 மீட்டர் இறங்கினால் அடியில் நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். வேலூர் காட்பாடி டவுன் பஸ் பாலாற்றுப் பாலத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் அந்த வேகத்தில் போகும். 10 மீட்டர் இறங்கினால் மணிக்கு 50. 40 மீட்டர் இறங்கினால் மணிக்கு 100. கவனியுங்கள், உயரம் நான்கு மடங்கானால்தான் வேகம் இரண்டு மடங்காகிறது. அதனால்தான் பறக்கிற உணர்வு வேண்டுமென்றால் கொஞ்சம் உயரம் போதாது, ரொம்ப உயரம் வேண்டும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கூரை 381 மீட்டர். எங்கள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் ஏழு நிலை ராஜகோபுரம் நூறடி, சுமார் 30 மீட்டர். லாங் பஜாரில் இருக்கிற கடை மாடிகள் 7, 8 மீட்டர் இருக்கும். அங்கே வலையை மாட்டி ஆடினால், கயிற்றின் நீளம் கட்டட உயரத்தைத் தாண்ட முடியாது, தாண்டினால் தரையில் இடிப்போம், தாண்டாவிட்டால் வேகம் வராது. குயின்ஸில் ஸ்பைடர்மேன் ஓட ஆரம்பித்ததற்கு முழுக் காரணமும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இயற்பியலை அப்படியே வைத்தாலும் கேம் கெட்டுவிடும் என்பது இன்னொரு பக்கம். 30 மீட்டர் நீளக் கயிற்றில் ஒரு முறை போய் வர நிஜத்தில் 11 நொடி ஆகும், ஒரு பக்கம் போக மட்டும் ஐந்தரை நொடி. பட்டனை அழுத்திவிட்டு ஐந்தரை நொடி காத்திருப்பது, கூடத்து ஊஞ்சலில் பாட்டி வெற்றிலை போட்டுக்கொண்டே ஆடுவது மாதிரி இருக்கும், வீரன் ஆடுவது மாதிரி இருக்காது. கயிறு தரைக்கு இணையாக நீண்டிருக்கும் உயரத்திலிருந்து ஆடி இறங்கினால், அடிப்புள்ளியில் தோள் தாங்க வேண்டியது உடம்பு எடையைப் போல் மூன்று மடங்கு. அதனால் இன்சோம்னியாக் நிஜத்தின் வாசனையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் செதுக்கியிருக்கிறார்கள். கயிறு எங்கே மாட்ட வேண்டும் என்று நிரலே தேடுகிறது, முன்னே, பக்கவாட்டில், மேலே என்று. நாம் போகிற திசையை ஊகித்து, கொஞ்சம் நமக்குச் சாதகமாக வீச்சைத் திருப்பிவிடுகிறது. இதற்கென்றே 2019இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் அவர்களுடைய டக் ஷீஹன் தனியாக ஒரு உரை நிகழ்த்தினார், நகரத்தில் நகர்வதைப் பற்றி மட்டும் ஒரு முழு உரை. 2014இல் அவர்கள் செய்த சன்செட் ஓவர்டிரைவ் என்ற கேமிலும் தரையில் நடப்பதை விடக் கம்பியில் சறுக்குவதுதான் சுகம். அந்தக் கைப்பழக்கம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிங்கில் போய் ஊசலாட்டத்துக்கான உதவியின் அளவை 10இலிருந்து குறைத்துப் பாருங்கள். 0 வரை இறக்கலாம். நான் 4இல் வைத்தேன். முதல் அரை மணி நேரம் சுவரில் மோதிக்கொண்டே இருந்தேன், அப்புறம் மோதவில்லை. உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும்படியும் ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுக்கொண்டால் எல்3, அதாவது கண்ட்ரோலரின் இடது குச்சியை, அழுத்தித் தலைகுப்புற இறங்குவதற்கே ஒரு அர்த்தம் வந்துவிடும். என் அம்மா ஒரு தடவை பின்னால் நின்று பார்த்துவிட்டு "என்னடா இவன், இவ்ளோ மேலருந்து குதிக்கிறான், ஒண்ணுமே ஆகலியே" என்றார். அந்தத் தேர்வைப் போட்ட பிறகு அவர் வந்து பார்க்கவில்லை.

இனி யாரும் அதிகம் கவனிக்காத ஒன்று. உயரம் இருந்தால் வேகம் வரும், சரி. வேகம் வந்தால் ஊர் அதே வேகத்தில் வந்து சேர வேண்டுமே? கேமில் மொத்த நியூயார்க்கும் ஒரே சமயத்தில் மெஷினின் நினைவில் இருக்காது. நாம் இருக்கிற தெருவும் சுற்றி நாலு தெருவும் இருக்கும், முன்னே போகப் போக அடுத்த தெருவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் இருப்பதைத் தூக்கிப் போடும். பிளேஸ்டேஷன் 4இல் அதைக் கொண்டுவந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 50இலிருந்து 100 மெகாபைட். அதுவும் தகவல் தட்டின் வேறு வேறு மூலைகளில் கிடந்தால், ஊசி அங்கே ஓடி இங்கே ஓடி இன்னும் தாமதம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், ஒரே பொருளின் பிரதியை ஒவ்வொரு தெருவின் மூட்டையிலும் திரும்பத் திரும்பப் போட்டு வைத்தார்கள். மண்டித் தெருவில் பெரிய மளிகைக் கிடங்கு வைத்திருப்பவர், பையன் உப்புக்காக மூலைக்கு மூலை ஓடக்கூடாது என்று ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் ஒரு உப்பு மூட்டை வைப்பாரே, அது மாதிரி. பிளேஸ்டேஷன் 5ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் பேசியபோது இந்த ஸ்பைடர்மேனைத்தான் உதாரணம் காட்டினார். தெருவோரத் தபால் பெட்டி போன்ற சில்லறைச் சாமான்களில் சிலது ஹார்ட் டிஸ்க்கில் 400 முறை வரை பிரதி எடுத்து வைக்கப்பட்டிருந்தன என்றார்.

அதற்கு ஒரு வருடம் முன்பே, 2019 ஏப்ரலில், அவர் புது மெஷினைக் காட்டிய விதமும் இந்த கேமை வைத்துத்தான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் போகும் வசதி பிளேஸ்டேஷன் 4இல் 15 நொடி எடுத்தது, புதியதில் 0.8 நொடி. அதை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் சொன்ன இன்னொன்று: பழைய கேமில் ஸ்பைடர்மேன் எவ்வளவு பலம் பெற்றாலும் ஒரு அளவுக்கு மேல் வேகமாகப் போக முடியாது, காரணம் அவனுடைய கையும் இல்லை, கயிறும் இல்லை, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஊரை எடுக்கும் வேகம். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 2018இல் நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருக்கிறேன், அந்த எல்லை இருந்தது தெரியவே தெரியாது, அவ்வளவு அழகாக மறைத்திருந்தார்கள். புதிய மெஷின் முதலில் வந்தபோது அதில் இருந்த 825 ஜிபி எஸ்எஸ்டி, சில்லுகளில் சேமிக்கும் வகை, நொடிக்கு 5.5 ஜிகாபைட் எடுக்கும். சுழலும் தட்டு இல்லை, ஓடும் ஊசி இல்லை, உப்பு மூட்டையும் ஒன்று போதும்.

இரண்டாம் பாகத்தில் புரூக்ளினும் குயின்ஸும் சேர்ந்தன, ஊர் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சேர்ந்த ஊரில் பெரும்பகுதி தாழ்ந்த வீடுகள், நடுவே அகலமான ஆறு. வலை மாட்ட முடியாத இரண்டு இடங்களையும் தெரிந்தே சேர்த்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஏதாவது பதில் கையில் இருந்திருக்க வேண்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் விரியும் வலைச் சிறகுதான் அந்தப் பதில். கேமின் ஆரம்பத்திலேயே அது கிடைத்துவிடும், காற்றில் இருக்கும்போது முக்கோணப் பட்டனைத் தட்டினால் விரியும். நான் தொடவில்லை. ஸ்பைடர்மேன் என்றால் ஊசலாட வேண்டும், சிறகு வைத்துப் பறப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பிடிவாதம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சிறகு இல்லாமலே ஓட்டினேன், அதனால்தான் குயின்ஸில் கால் ரோட்டில் பட்டது.

திங்கட்கிழமை ஆயுதபூஜை. அப்பாவின் ஸ்கூட்டர், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மனை, சுத்தியல், அவற்றோடு என் பிளேஸ்டேஷனையும் கண்ட்ரோலரையும் வாங்கி அம்மா பூஜையில் வைத்துவிட்டார். சந்தனம், குங்குமம், பொரி, கடலை, வெல்லம். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. சரி வாடா என்று அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வேலூரைப் பற்றி மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று ஒரு பேச்சு உண்டு. மாடியில் நின்றால் அந்த மலை தெரியும், வெறும் பாறை, மேலே பழைய மலைக்கோட்டைச் சுவர். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மலைக்கு மேல் ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. இறக்கையை ஒரு தடவைகூட அடிக்கவில்லை, ஆனால் வட்டத்துக்கு வட்டம் மேலே போய்க்கொண்டே இருந்தது. பாறை வெயிலில் காய்ந்தால் அதை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும், பருந்து அந்தக் காற்றுத் தூணுக்குள் வட்டம் போட்டு இலவசமாக உயரத்தைச் சம்பாதிக்கும், போதுமான உயரம் கிடைத்ததும் சாய்ந்து வழுக்கிக்கொண்டு அகழி இருக்கும் பக்கம் போய்விடும். தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேமில் ஆற்றுக்கு மேல் தெரிகிற காற்றுக் குழாய்கள் இதுதானா என்று கேட்டான். ஆமாம், அதேதான். கேமில் அங்கங்கே காற்று ஓடும் பாதை வளையம் வளையமாகத் தெரியும், சிறகை விரித்து உள்ளே நுழைந்தால் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். அதையும் நான் மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

பருந்தைப் பார்த்த பிறகு என் பிடிவாதம் போய்விட்டது. ஊஞ்சலும் சிறகும் ஒரே காசின் கணக்குத்தான், இரண்டிலும் உயரத்தைக் கொடுத்து வேறொன்றை வாங்குகிறோம். ஊஞ்சல் உயரத்தை வேகமாக்கி மறுபடியும் உயரமாக்கித் தருகிறது, அதற்குப் பக்கத்தில் கட்டடம் வேண்டும். சிறகு உயரத்தைத் தூரமாக்குகிறது, அதற்குக் கட்டடம் வேண்டாம், ஆனால் செலவழிந்த உயரம் திரும்பி வராது, காற்றுத் தூண் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை, விஜயதசமி, காலையில் கண்ட்ரோலரை எடுத்துப் பொட்டைத் துடைக்காமலே உட்கார்ந்தோம். மன்ஹாட்டன் கரையில் கடைசி உயரமான கட்டடத்தில் வலையை மாட்டி, எல்3யில் தலைகுப்புற இறங்கி, அடிப்புள்ளியில் வீச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு, ஏறும்போது விட்டு, முக்கோணம். ஆறு முழுவதையும் ஸ்பைடர்மேன் ஒரே மூச்சில் தாண்டினான். குயின்ஸில் கூரைகளுக்கு மேல் தாழ்வாகப் போய், ஒரு மரத்தில் வலையைப் போட்டு அந்த இழுப்பில் இன்னும் கொஞ்சம் தூரம். கால் ரோட்டில் படவில்லை. அந்த வேகத்தில் ஊர் எங்கேயும் தடங்கவில்லை, கட்டடங்கள் தாமதமாக முளைக்கவில்லை. 2018இல் இந்தச் சிறகைக் கொடுத்திருந்தால் ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்கியிருக்கும்.

இப்படி வழுக்குவதை முதலில் நன்றாகச் செய்தவர்கள் லண்டனில் இருக்கும் ராக்ஸ்டெடி, அவர்களுடைய பேட்மேன் ஆர்க்கம் கேம்களில். துணியை விரித்து இறங்கி, சரியான இடத்தில் நிமிர்ந்து மறுபடியும் ஏறுவது. சண்டை விஷயத்திலும் இன்சோம்னியாக் அவர்களிடம் கற்றிருக்கிறார்கள். 2009இல் வந்த ஆர்க்கம் அசைலமில் எதிரி அடிக்க வரும்போது அவன் தலைக்கு மேல் ஒரு அடையாளம் மினுங்கும், அதைப் பார்த்துத் தடுக்க வேண்டும். ஸ்பைடர்மேனில் அந்த அடையாளம் அவனுடைய சிலந்தி உணர்வாக அவன் தலையைச் சுற்றியே தெரிகிறது, கதைக்கும் பொருந்திவிட்டது. இரண்டாம் பாகத்தில் எல்1 அழுத்தி அடியை நேருக்கு நேர் தட்டிவிடும் வசதி சேர்ந்ததில் பெரிய எதிரிகளோடு மோதுவதற்கு ஒரு கனம் வந்திருக்கிறது. நன்றாக இருக்கிறது, ஆனால் என் மனசு சண்டையில் இல்லை.

கதையைப் பற்றிச் சுருக்கமாக. முடிவைச் சொல்லவில்லை. பீட்டர், மைல்ஸ் என்ற இரண்டு ஸ்பைடர்மேன்களையும் மாற்றி மாற்றி ஆடலாம். வேட்டைக்காரன் கிரேவன் ஊருக்குள் வருகிறான், கறுப்பு உடை பீட்டரைப் பிடிக்கிறது. அந்த உடை ஏற ஏற பீட்டருக்குக் குரல் கொடுத்த யூரி லோவென்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலில் ஈரத்தை வற்றவிடுகிறார், அதைக் காதால் கேட்டுத்தான் உணர முடியும். வெனம் என்ற வில்லனுக்குக் குரல் டோனி டாட். அடுத்த வருடம், 2024 நவம்பரில், அவர் காலமானார். அந்தக் குரலை இன்னும் அதிக நேரம் கேட்டிருக்கலாம், வெனம் வருவதும் தாமதம், போவதும் அவசரம். என் பெரிய குறை இதுதான். இன்னொன்று குறை அல்ல, வெறும் கவனிப்பு: முதல் பாகத்தில் இருந்த கிரைஸ்லர் கட்டடம் இதில் இல்லை. 2019இல் கட்டடம் கைமாறிய பிறகு அனுமதி கிடைக்கவில்லை, மைல்ஸ் பாகத்திலிருந்தே காணோம். முதல் பாகத்தில் அதன் கூர்மையான உச்சியில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், இப்போது அந்தத் திசையில் போனால் கை தானாக அதைத் தேடுகிறது.

கடைசியாக ஒரு சின்ன மிஷன். ஹவர்டு என்று ஒரு பெரியவர், புறாக்கள் வளர்ப்பவர், முதல் பாகத்திலும் வருவார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தன் புறாக்களை ஊருக்கு மறுபக்கம் ஒரு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கேட்கிறார். சண்டை இல்லை, எதிரி இல்லை. சிறகை விரித்துப் புறாக்களோடு ஊருக்கு மேல் பறக்க வேண்டும், அவ்வளவுதான். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தால் பெரியவர் இல்லை. எங்கள் பக்கத்து மாடியில் ஒரு அண்ணன் புறா வளர்க்கிறார். தினமும் சாயங்காலம் கூண்டைத் திறந்து விசில் அடித்துத் துணியை ஆட்டுவார், கூட்டம் ஒரே உடம்பு மாதிரி திரும்பும், தம்பி அதைப் பார்த்தே வளர்ந்தவன். அந்த மிஷன் முடிந்ததும் அவன் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்.

"அண்ணா, நம்ம ஊர்ல ஸ்பைடர்மேன் இருந்தா எங்கருந்து கெளம்புவான்?"

யோசித்தேன். கோபுரம் ஒன்றுதான் இருக்கிறது, செல்போன் டவர்கள் ஒன்றுக்கொன்று தூரம், கோட்டை மதில் தாழ்வு, பாலாற்றில் பிடிமானமே கிடையாது. கோட்டைக்குக் கிழக்கே மலை மேல் இருக்கும் பழைய சுவரைக் காட்டி, அங்கிருந்து சிறகை விரித்தால் அகழி வரைக்கும் வரலாம், மத்தியானமாக இருந்தால் பாறைச் சூட்டில் இன்னும் மேலே போய் காட்பாடி வரைக்கும்கூட என்றேன்.

"அப்போ தெனமும் மொதல்ல மலை ஏறணும்?"

"ஆமாண்டா. ஏறித்தான் ஆகணும்."

"அங்க போக வழி இருக்கா?"

"இருக்கு. சைதாப்பேட்டை பக்கத்துலருந்து."

ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு முன்னால் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.